அறுவை மேசையில் ஒரு சுட்டு

கோலசிலாங்கூர், பத்தாங் பெர்ஜுந்தை வட்டாரத் தோட்டங்களில் பால்மரம் சீவியவர்கள் ஒரு நுட்பத்தை அறிவர். பால் ஊறுவது பட்டையின் உட்பகுதியில்; அதற்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர் அப்பால் மரத்தை வளர்க்கும் மென்படலம் உள்ளது. கத்தி அதைத் தொட்டால் மரம் காயப்படும். மேலோடு நின்றால் பால் குறையும். கண்ணுக்குத் தெரியாத அந்த எல்லையை, விடியுமுன் தலைவிளக்கின் ஒளியில், கைப்பழக்கமே உணர்த்தியது.

அறுவை மருத்துவருக்கும் இத்தகைய இடர்ப்பாடு உண்டு. முதுகெலும்பில் திருகாணி பொருத்துகையில் எலும்பின் உட்புறம் தெரியாது. சற்று விலகினாலும் நரம்பு பாதிக்கப்படலாம். வழிகாட்டும் படம் பக்கத்துத் திரையில் இருந்தால் கை ஓரிடத்தும் கண் வேறிடத்தும் இருக்கும். இக்குறையைத் தீர்க்க வந்ததே மிகைமெய்க் காட்சி. சி.டி. படங்களிலிருந்து அமைத்த முப்பரிமாண உருவம், ஒளி ஊடுருவும் கண்ணாடி வழியே, நோயாளியின் உடல்மீதே படிந்து தெரியும்.

2013இல் சென்னையில் மருத்துவர் ஜே.எஸ். ராஜ்குமார் கூகுள் கண்ணாடி அணிந்து அறுவை செய்தார். அன்று அவர் கண்ட காட்சி வெளியே சென்றது. 2020 ஜூனில் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவர்கள் மிகைமெய்க் கண்ணாடி அணிந்து ஒருவரின் முதுகெலும்பில் ஆறு திருகாணிகளைப் பொருத்தினர். இங்கே வழிகாட்டும் படம் மருத்துவரின் கண்ணுக்குள் வந்தது.

இக்காட்சியை ஒரு சுட்டு எனலாம். 'இது' என்னும் சொல், சுட்டும் பொருளோடு பொருந்தினாலன்றிப் பயன்படாது. எலும்பில் இறுக்கிய குறியைக் கண்ணாடியின் கேமரா பின்தொடர்வதால் படம் உரிய இடத்தில் நிற்கிறது. குறி அசைந்தால் படம் பிழையான இடத்தைக் காட்டும். ஆயினும் முன்போலவே தெளிவாகத் தெரியும். ஆபத்து அதுவே. கல்லீரல் போன்ற உறுப்புகள் மூச்சோடு அசைவதால் அங்கே பொருத்தம் மேலும் அரிது.

மிகுதியாகக் காட்டுவதும் தீங்காகும். உள்நோக்கி அறுவை குறித்து 2013இல் வெளியான கனடா ஆய்வொன்றில், மிகைமெய்ப் படத்துடன் பணியாற்றியோர் எதிர்பாராத சிக்கலைக் கவனிக்கத் தவறியது மிகுதி. ஆகவே வடிவமைப்பாளர் அந்தக் கணத்திற்கு வேண்டியதை மட்டும் காட்டவேண்டும். பொருத்தம் ஐயமானால் அதனை அறிவிக்கவேண்டும். மருத்துவர் விரும்பியவுடன் படம் மறையவும் வேண்டும்.

இக்கண்ணாடியின் துணையோடு நம் பெற்றோருக்கு அறுவை நடக்கும் நாளில், "படம் உடலோடு பொருந்தியிருப்பதை எவ்வாறு சரிபார்ப்பீர்கள்?" என்று கேட்க நமக்கு உரிமையுண்டு. தோட்டத்தில் வளர்ந்த முதியவர் அக்கேள்வியைத் தமிழில் கேட்டு, விடையையும் தமிழிலேயே பெற, தெளிந்த சொற்களை ஆக்கித் தருவது நம் கடமையாகும்.