முதலில் யாரைப் பிடித்தார்கள்?

ஒரு பெண் காணாமல் போனால், அவளைத் தேடுவதற்கு முன்பே ஊர் ஒரு கதையைத் தேடத் தொடங்கிவிடுகிறது. டீக்கடையில் ஒரு கதை, ரேஷன் கடை வரிசையில் ஒரு கதை, வாட்ஸ்அப் குழுவில் இன்னொரு கதை. அவள் காலனிப் பெண்ணாக இருந்துவிட்டால் கதை கட்ட அதிக நேரம்கூட ஆவதில்லை. "எவன் கூடவாவது போயிருக்கும், ரெண்டு நாள்ல தானா வந்துடும், போம்மா" என்று காவல் நிலைய வாசலிலேயே தாயைத் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். அப்படிப் போன தாய்மார்களுக்குத் துணையாக நின்று இந்த வாசகத்தை நாமும் கேட்டிருக்கிறோம். "புகாரை எழுதிக் கொடுங்கள்" என்பதற்கு முன்னால் "பொண்ணு போன்ல பேசிக்கிட்டே இருக்குமா?" என்ற கேள்வி வந்துவிடும்.

இதை ஊகம் என்கிறோம். ஊகம் வெறும் வாய்ப்பேச்சு அல்ல. யாரைத் தேடுவது, யாரைப் பிடிப்பது, யாரை வீட்டில் நிம்மதியாகத் தூங்க விடுவது என்பதையெல்லாம் பல நேரங்களில் ஊகமே முடிவு செய்கிறது. ஊகமோ சாதியும் நிறமும் பணமும் பார்த்துத்தான் பிறக்கிறது. இதைப் புரிந்துகொள்ள உலகமே அறிந்த ஒரு வழக்கைப் பார்ப்போம். பதினெட்டு ஆண்டுகள் ஊகங்களிலேயே ஓடி, கடைசியில் குற்றவாளியே வாய் திறந்த வழக்கு அது. எந்த ஊகம் யாரைக் காத்தது, யாரைச் சுட்டது என்று இன்று நம்மால் திரும்பிப் பார்க்க முடிகிறது.

வெனிசுலாவுக்கு வடக்கே கரீபியன் கடலில் இருக்கிறது அரூபா என்ற சின்னஞ்சிறு தீவு. நெதர்லாந்து முடியாட்சிக்கு உட்பட்டது. சுற்றுலாப் பயணிகளை நம்பியே பிழைக்கும் தீவு. 2005 மே மாதம் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்திலிருந்து பள்ளி இறுதி வகுப்பு முடித்த மாணவர்கள் நூற்றுக்கும் மேற்பட்டோர் அங்கே சுற்றுலா வந்தார்கள். அவர்களில் ஒருவர் நட்டாலி ஹாலோவே. வயது 18. வசதியான வெள்ளைக்காரக் குடும்பத்துப் பெண்.

மே 29 சுற்றுலாவின் கடைசி இரவு. தோழர்களுடன் ஒரு கேளிக்கை விடுதிக்குப் போனார் நட்டாலி. நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணி அளவில், அதாவது மே 30 அதிகாலையில், மூன்று இளைஞர்களோடு காரில் ஏறிப் போனதைத் தோழர்கள் பார்த்தார்கள். அன்று ஊர் திரும்பும் விமானத்துக்கு அவர் வரவில்லை. கட்டிவைத்த பெட்டியும் பாஸ்போர்ட்டும் அறையிலேயே இருந்தன. செய்தி கேட்ட தாய் அன்று இரவே தீவில் வந்து இறங்கிவிட்டார்.

காரில் இருந்த மூவரில் ஒருவன் யோரான் வான் டெர் ஸ்லூட். 17 வயது நெதர்லாந்துக்காரன். அவனுடைய தந்தை வழக்கறிஞர். நீதிபதி பதவிக்குப் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்தவர். மற்ற இருவரும் சுரினாம் நாட்டைச் சேர்ந்த சகோதரர்கள். நட்டாலி கடைசியாக யாரோடு இருந்தார் என்பது தாய் வந்து இறங்கிய முதல் இரவிலேயே தெரிந்துவிட்டது. போலீசாரோடு அந்த வீட்டுக்கே போய்க் கேட்டார்கள். மூவரும் ஒரே கதையைச் சொன்னார்கள்: "கடற்கரைக்குக் கூட்டிப் போனோம். பிறகு தங்கியிருந்த விடுதியிலேயே இறக்கிவிட்டோம். நாங்கள் கிளம்பும்போது, காவலாளிகள் அணிவது போன்ற கறுப்புச் சட்டை போட்ட கறுத்த ஆள் ஒருவன் அவளை நெருங்கி வந்தான்."

இந்தக் கடைசி வரியைக் கவனியுங்கள். பொய் சொல்ல வேண்டிய நெருக்கடியில் அந்த வாய்க்கு எந்த உருவம் வந்தது? கறுத்த நிறம், காவலாளி உடை. சொன்னால் உடனே நம்புவார்கள் என்று 17 வயதிலேயே தெரிந்திருக்கிறது.

நம்பவும் பட்டது. ஜூன் 5 அன்று அரூபா போலீசார் செய்த முதல் கைது, பக்கத்து விடுதி ஒன்றில் முன்பு காவலாளிகளாக வேலை பார்த்த இரண்டு பேர். இருவரும் கறுப்பினத்தவர். அந்த விடுதி அப்போது பராமரிப்புக்காக மூடப்பட்டிருந்தது. கைதுக்கான காரணத்தைப் போலீஸ் அதிகாரபூர்வமாகச் சொல்லவே இல்லை. மூவரும் சொன்ன கதை அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்று அப்போது செய்திகள் வந்தன. கூலி வேலை பார்க்கும் இரண்டு பேரின் முகங்கள் கொலை, கடத்தல் சந்தேகத்தோடு உலகத் தொலைக்காட்சிகளில் ஓடின. ஜூன் 13 அன்று அவர்களை விட்டுவிட்டார்கள்.

நட்டாலியோடு கடைசியாக இருந்த மூவரும் கைதானது ஜூன் 9 அன்றுதான். பெண் காணாமல் போய்ப் பத்து நாள் கழித்து. முதல் நாட்களிலிருந்தே அந்த மூவரையும் ரகசியமாகக் கண்காணித்துக்கொண்டுதான் இருந்தோம் என்று பிற்பாடு விசாரணை அதிகாரி விளக்கம் சொன்னார். இருக்கட்டும். ஆனால் அந்த நாட்களில் வசதியான வீட்டுப் பிள்ளைக்குக் கண்காணிப்பும், கறுத்த காவலாளிகளுக்குக் கைவிலங்கும் கிடைத்தது ஏன் என்று நாம் கேட்கத்தான் வேண்டும். செப்டம்பர் மாதத்துக்குள் யோரானும் வெளியே வந்துவிட்டான். ஆதாரம் போதவில்லை என்றார்கள்.

பிறகு ஊகங்களின் காலம் தொடங்கியது. கடலில் மூழ்கியிருப்பாள் என்றார்கள். பாலியல் தொழிலுக்கு விற்றிருப்பார்கள் என்றார்கள். குப்பைக் கிடங்கில் புதைத்துவிட்டார்கள் என்று ஒரு பேச்சு எழ, அங்கேயும் தோண்டினார்கள். ஒரு குளத்தில் போட்டதாகச் செய்தி வர, அதன் தண்ணீரை இறைத்துப் பார்த்தார்கள். 2006ஆம் ஆண்டில் விசாரணையை முன்னின்று நடத்திய மூத்த அதிகாரி ஒருவரே தொலைக்காட்சியில் தம் ஊகத்தைச் சொன்னார்: அது கொலையாக இருக்காது, அளவுக்கு மீறிக் குடித்தோ போதைப்பொருளாலோ அவளே இறந்திருக்கலாம், உடலை யாரோ மறைத்திருக்கலாம். பழி இறந்த பெண்ணின் தலையிலேயே வந்து விழுந்தது. ராத்திரியில் வெளியே போனாள், குடித்தாள், தெரியாதவனோடு காரில் ஏறினாள் என்று அடுக்கியவர்களின் கதையில் எல்லாக் குற்றமும் அவளுடையது. கொன்றவன் அந்தக் கதையில் இல்லவே இல்லை.

யோரானும் தன் பங்குக்குக் கதைகளை விற்றான். 2008 பிப்ரவரியில் ஒளிபரப்பான, நெதர்லாந்துப் பத்திரிகையாளர் ஒருவரின் ரகசியக் கேமராப் பதிவில், கடற்கரையில் அவள் தானாகவே இறந்துவிட்டாள், உடலை நண்பன் கடலில் போட்டான் என்றான். பிறகு அது பொய் என்றான். அதே ஆண்டு விற்றுவிட்டேன் என்று ஒரு பேட்டி கொடுத்தான். அதையும் மறுத்தான். 2010இல் உடல் இருக்கும் இடத்தைக் காட்ட நட்டாலியின் தாயிடம் 2,50,000 டாலர் கேட்டான். 25,000 டாலர் கைக்கு வந்ததும், ஒரு வீட்டின் அஸ்திவாரத்தில் புதைத்திருப்பதாகச் சொன்னான். அதுவும் பொய்.

அந்தப் பணத்தோடு அவன் தென்னமெரிக்காவின் பெரு நாட்டுக்குப் போனான். 2010 மே 30. நட்டாலி காணாமல் போய்ச் சரியாக ஐந்து ஆண்டுகள் நிறைந்த அதே தேதியில், லிமா நகரில் ஸ்டெஃபனி ஃபுளோரஸ் என்ற 21 வயதுப் பெண்ணைக் கொன்றான். 2012இல் அவனுக்கு 28 ஆண்டு சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. அந்த வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்டான்.

நட்டாலி வழக்கில் உண்மை வெளிவர இன்னும் காலம் பிடித்தது. பணம் பறித்த வழக்குக்காக 2023இல் பெரு சிறையிலிருந்து அமெரிக்காவுக்குக் கொண்டுவரப்பட்டான். அந்த வழக்கின் ஒப்பந்தப்படி நடந்ததைச் சொன்னான். கடற்கரையில் அவன் இச்சைக்கு நட்டாலி இணங்கவில்லை, எதிர்த்திருக்கிறார். அங்கே கிடந்த சிமெண்ட் கல்லால் அடித்துக் கொன்று, உடலைக் கடலுக்குள் தள்ளியிருக்கிறான். அரூபா சட்டப்படி காலவரம்பு கடந்துவிட்டதால் கொலைக்காக அவன் தண்டிக்கப்படவில்லை. பணப் பறிப்புக்கு 20 ஆண்டு தண்டனை. அதையும் பெரு தண்டனையோடு சேர்த்தே அனுபவித்தால் போதும். நட்டாலியின் உடல் இன்றுவரை கிடைக்கவில்லை.

கறுத்த காவலாளி நெருங்கி வந்தான் என்றது பொய். விற்றுவிட்டார்கள் என்றது பொய். அவளே குடித்துச் செத்தாள் என்ற ஊகமும் தவறு. 'வேண்டாம்' என்று சொன்னதற்காக ஒரு பெண் கொல்லப்பட்டாள். முதல் இரவில் போய்த் தட்டிய அதே கதவுக்குள் கொலையாளி இருந்தான். இடையில் இன்னொரு பெண்ணின் உயிரும் போய்விட்டது.

இந்த வழக்கில் நாம் பார்க்க வேண்டிய இன்னொரு பக்கமும் உண்டு. நட்டாலியைத் தேட அரூபா அரசு ஆயிரக்கணக்கான ஊழியர்களுக்கு ஒரு நாள் விடுப்பு கொடுத்தது. நெதர்லாந்து கடற்படை வீரர்கள் கரையோரம் தேடினார்கள். மூன்று எஃப்-16 போர் விமானங்கள் வானிலிருந்து தேடின. அமெரிக்கத் தொலைக்காட்சிகள் மாதக்கணக்கில் வேறு செய்தியே இல்லாதது போல ஒளிபரப்பின. அலபாமா ஆளுநர், அரூபாவுக்கு யாரும் சுற்றுலா போகாதீர்கள் என்றே அறைகூவல் விடுத்தார்.

அதே 2005. ஜூலை 18. அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் லட்டோயா ஃபிகரோவா என்ற 24 வயதுப் பெண் காணாமல் போனார். ஐந்து மாதக் கர்ப்பிணி. வெள்ளைக்காரி அல்ல; கறுப்பின, லத்தீன் அமெரிக்க வம்சாவளி. நாடு தழுவிய தொலைக்காட்சிகள் அவர் பக்கம் திரும்பவில்லை. "அந்தப் பெண்ணுக்கு இத்தனை நேரம் ஒதுக்குகிறீர்களே, இவள் பெண் இல்லையா?" என்று உள்ளூர் மக்கள் எழுதிக் கேட்ட பிறகுதான் கொஞ்சம் திரும்பின. ஒரு மாதம் கழித்து அவருடைய உடல் கிடைத்தது. வயிற்றிலிருந்த குழந்தையின் தகப்பனே கொலையாளி என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இந்தப் பாகுபாட்டுக்கு 2004இலேயே பெயர் வைத்தவர் க்வென் ஐஃபில் என்ற கறுப்பினப் பெண் பத்திரிகையாளர். 'காணாமல் போன வெள்ளைப் பெண் நோய்' என்றார். பெயர் வைத்ததோடு அந்த மக்கள் நிற்கவில்லை. 2008இல் நாத்தனார் உறவுள்ள இரண்டு கறுப்பினப் பெண்கள், காணாமல் போன தம் மக்களுக்காகவே ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். ஒருவர் காவல் துறை அனுபவம் உள்ளவர், மற்றவர் ஊடகத் தொடர்புப் பணி தெரிந்தவர். விசாரணையும் செய்தியும் தங்களைத் தேடி வராது, தாங்களே இழுத்து வர வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

நட்டாலியின் தாய்க்குக் கிடைத்தது அதிகம் என்று நாம் சொல்ல மாட்டோம். எந்தத் தாயும் அத்தனையும் கேட்பாள், கேட்க வேண்டும். அதில் நூற்றில் ஒரு பங்காவது நம் தாய்மார்களுக்கு ஏன் இல்லை என்பதே நம் கேள்வி. போர் விமானம் வேண்டாம். புகாரை வாங்கிக்கொண்டு ஒரு வழக்கு எண் கொடுத்தால் போதும்.

அதைக் கேட்கச் சட்டம் இருக்கிறது. பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளை காணாமல் போனால் முதல் தகவல் அறிக்கை பதிவு செய்தே ஆக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013இல் உத்தரவிட்டது. கைதுக்குரிய குற்றம் நடந்ததாகத் தகவல் வந்தால் வழக்குப் பதிவு கட்டாயம் என்ற லலிதா குமாரி தீர்ப்பும் அதே ஆண்டுதான். "இது எங்கள் எல்லை இல்லை" என்று அலைக்கழிக்க முடியாது. எந்த நிலையத்திலும் புகார் கொடுக்கலாம் என்று புதிய நாகரிக் சுரக்ஷா சட்டத்தின் பிரிவு 173 சொல்கிறது. அறிக்கையின் நகலை இலவசமாகத் தர வேண்டும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வரும் புகாரை வேண்டுமென்றே பதிவு செய்யாத அதிகாரிக்கு அச்சட்டத்தின் பிரிவு 4 சிறைத் தண்டனை வைத்திருக்கிறது. நிலையத்தில் மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். யாரேனும் அடைத்து வைத்திருப்பதாகச் சந்தேகம் இருந்தால் உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போடலாம். சி.எஸ்.ஆர். சீட்டு ஒன்றைக் கையில் கொடுத்து அனுப்பினால் அதோடு வீடு திரும்பிவிடாதீர்கள். அது புகாரைப் பெற்றதற்கான ரசீது. முதல் தகவல் அறிக்கை வேறு.

படிக்கிற பிள்ளைகளிடம் ஒன்று கேட்கிறோம். எழுதப் படிக்கத் தெரிந்தவர் என்று ஊர் உங்களைத்தான் கூப்பிடும். அந்த மனுவை நீங்களே எழுதிக் கொடுங்கள். எப்போது, எங்கே, என்ன உடையில், யார் கடைசியாகப் பார்த்தார்கள், கைப்பேசி எண் என்ன என்பதை வரிசையாக எழுதுங்கள். அவளுடைய குணத்தைப் பற்றி ஒரு வரியும் அதில் வேண்டாம். குழுவில் வருகிற கதையை இன்னொரு குழுவுக்குத் தள்ளாதீர்கள்.

"அவள் யாரோடு போனாள்?" என்பது நம் ஊரில் வழக்கமாகக் கேட்கப்படும் கேள்வி. கேட்ட கணமே அவளுக்குத் தீர்ப்பு எழுதிவிடுகிற கேள்வி அது. "அவளோடு கடைசியாக இருந்தவன் யார்?" என்று கேளுங்கள். அரூபாவில் அந்தக் கேள்விக்கு முதல் இரவிலேயே விடை இருந்தது. பெரிய வீட்டுக் கதவென்று தயங்கியதற்குப் பதினெட்டு ஆண்டுகள் ஆயின. நம் ஊரிலும் அப்படிப்பட்ட கதவுகள் இருக்கின்றன. அவற்றைத் தட்டச் சொல்லி, நிலைய வாசலில் தனியாக நிற்கும் தாயோடு நாமும் போய் நிற்போம்.