முள்முடி தரித்த சிறுமரம்

நெடுமரமொன்றைச் சிறு தட்டிலே அடக்கி, அதன் முதுமைத் தோற்றமுங் கம்பீரமுங் குன்றாது வளர்க்கும் பொன்சாய்க் கலை, சீனத்திலே தோன்றி யப்பானிலே செழித்தது. குளிர்நாட்டு மரங்களே அதற்குரியன என்று பலர் எண்ணுவர். வெப்பநாட்டிலே வாழும் நமக்கு வாய்த்த செடியொன்றும் உண்டு. மடகாஸ்கர்த் தீவைத் தாயகமாகக் கொண்ட 'கிறிஸ்துவின் முள்முடி'யே அது.

பிரெஞ்சுக்காரரின் பூர்போன் தீவிலே, அதாவது இன்றைய ரீயூனியனிலே, ஆளுநராயிருந்த மிலியஸ் பிரபு 1821ஆம் ஆண்டில் இதனைப் பிரான்சுக்கு அறிமுகஞ் செய்தார். அவர் பெயரைத் தாங்கியே இது 'யூபோர்பியா மிலி' என வழங்குகிறது. செந்நிற இதழ்களென நாம் கண்டு மகிழ்பவை உண்மையில் இதழ்களல்ல. நிறம் பெற்ற இரு சிற்றிலைகளே அவை. மெய்யான பூக்கள் அவற்றின் நடுவே மிகச் சிறியனவாய் ஒளிந்திருக்கின்றன.

பழக்கமில்லாத முட்செடியொன்று கைக்கு வந்தால் முதலில் அதன் இனத்தை அறிதல் வேண்டும். சிறு கிளையை நறுக்கியதும் வெண்பால் பெருகுமாயின், அது பெரும்பாலும் நம் சதுரக்கள்ளி, திருகுகள்ளி ஆகியவற்றின் உறவாகவே இருக்கும். அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த நாகதாளியோ வேறு குடும்பத்தைச் சேர்ந்தது. அதில் இவ்வாறு பால் வடிவதில்லை.

இந்தப் பால் நஞ்சு. தோலிற் பட்டால் எரிவும், கண்ணிற் பட்டாற் கடும் அழற்சியும் உண்டாகும். நன்னீர் நத்தைகளைக் கொல்லும் ஆற்றலும் இதற்குண்டென ஆராய்ச்சியாளர் கண்டுள்ளனர். ஆகவே கையுறையும் மூக்குக்கண்ணாடியும் அணிந்தே செடியை வெட்டுதல் வேண்டும். குழந்தைகளை அருகே விடலாகாது. தோலிற் பட்ட பாலைச் சவர்க்காரமிட்டுக் கழுவுக. கண்ணிற் பட்டுவிடின், தூய நீரால் நெடுநேரங் கழுவித் தாமதமின்றி வைத்தியரை நாடுக.

இனி, வளர்க்கும் முறையைக் கூறுவோம். நாம் முதன்முதல் வளர்த்த செடி, கோடையொன்றில் இலைகளையெல்லாம் உதிர்த்தது. தாகத்தால் வாடுகிறதென்று இரங்கிக் காலையும் மாலையும் நீர் வார்த்தோம். சில வாரங்களிலே தண்டு மெலிந்து குழைந்தது. பிடுங்கிப் பார்த்தபோது வேர் கறுத்து அழுகியிருந்தது. வறட்சியிலே இலையுதிர்ப்பது அச்செடி தன்னைக் காத்துக்கொள்ளும் வழியென்பதைப் பின்னரே உணர்ந்தோம். தண்டிலே நீரைச் சேமித்திருக்கும் செடிக்கு நமது இரக்கமே பகையாயிற்று.

ஆதலால், மண்ணுள் இரு விரற்கடை ஆழம் உலர்ந்த பின்னரே நீர் வார்த்தல் வேண்டும். வார்க்கும்போது அடித்துளை வழியே வடியுமளவு வார்த்தல் வேண்டும். பருமணலும் நொருக்கிய செங்கல்லும் பாதியளவு கலந்த மண்ணே ஏற்றது. நாள்தோறும் சில மணி நேரமாவது நேர்வெயில் படட்டும். மாரிகாலத்திலே சாடியைத் தாழ்வாரத்துக்கு மாற்றுதல் நன்று.

இரண்டு மூன்று ஆண்டுகளுக்கொருமுறை சாடி மாற்றி வேரை நறுக்கலாம். ஏனைய பொன்சாய் மரங்களுக்கு உடனே நீர் வார்ப்பர். இதற்கோ அது ஆகாது. வெட்டுவாய் ஈரமண்ணிலே அழுகுமாதலால், உலர்ந்த மண்ணில் நட்டு ஒரு வாரம் நீரின்றி விடுக. வெட்டிய கிளைகளையும் நீரில் தோய்த்துப் பால் நின்றபின், நிழலில் ஒரு வாரம் உலர்த்தி நட்டாற் புதுச் செடிகளாகும்.

முட்களின் நடுவே கம்பி சுற்றி வளைப்பது கடினம். வேண்டிய திசை நோக்கிய இலைத்தழும்பின் சற்று மேலே வெட்டினால், பெரும்பாலும் அத்திசையிலேயே புதுத்தளிர் எழும். அடித்தண்டின் முட்களைச் சிறு குறட்டினால் அகற்றின், மரத்தின் வடிவம் தெளிவாகத் தோன்றும்.

ஒவ்வோர் உயிருக்கும் அதனதன் இயல்பறிந்து செய்வதே உதவி. கையிலே செம்பு நீருடன் நிற்கையில், வார்க்காது திரும்பவும் நாம் பழகிக்கொள்ளல் வேண்டும். இச்சிறுமரம் நம் முற்றத்திலே நெடுங்காலம் பூத்திருக்கும்.