ஸ்டட்லி ராயல் நீர்த்தோட்டம்

ஸ்டட்லி ராயல் நீர்த்தோட்டம் என்பது இங்கிலாந்தின் வட யோர்க்சயர் பகுதியில், ரிப்பன் நகருக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 5 கிலோமீட்டர் தொலைவில் அமைந்துள்ள 18ஆம் நூற்றாண்டுத் தோட்டம் ஆகும். ஸ்கெல் ஆற்றின் பள்ளத்தாக்கில் உள்ள இத்தோட்டத்தின் மேற்குப் பக்கத்தில் ஃபவுண்டன்ஸ் துறவிமடத்தின் இடிபாடுகள் காணப்படுகின்றன. இவ்விரண்டும் சேர்ந்து 1986ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியக் களமாக அறிவிக்கப்பட்டன.

துறவிமடம்

யோர்க் நகரிலிருந்த புனித மேரி மடத்தின் ஒழுங்குகளில் நிறைவடையாது வெளியேறிய 13 துறவிகள் 1132ஆம் ஆண்டில் இம்மடத்தை நிறுவினர். விரைவில் இது சிஸ்டேர்சியன் சபையைச் சேர்ந்தது. எளிமையை நாடி வந்தோரின் மடம், கம்பளி வணிகத்தால் இங்கிலாந்தின் செல்வம் மிக்க மடங்களுள் ஒன்றாக வளர்ந்தது. ஆற்றின் நீர் மடத்தின் கட்டடங்களுக்கு அடியில் கற்சுரங்கங்கள் வழியாகச் செலுத்தப்பட்டது. மாவு ஆலையும் அதே ஆற்றுநீரால் இயங்கியது. மன்னர் எட்டாம் ஹென்றி நாட்டின் மடங்களைக் கலைத்தபோது, 1539இல் இதுவும் மூடப்பட்டது. பின்னர் மடத்தின் கற்களைக் கொண்டு அருகிலேயே ஃபவுண்டன்ஸ் மாளிகை கட்டப்பட்டது.

தோட்டத்தின் உருவாக்கம்

அண்டைப் பண்ணையான ஸ்டட்லியின் உரிமையாளர் ஜான் ஐஸ்லபி 1718ஆம் ஆண்டளவில் தோட்டப் பணிகளைத் தொடங்கினார். அப்போது அவர் பிரித்தானியாவின் நிதியமைச்சர். அரசின் கடனை ஏற்றுக்கொண்ட தென்கடல் கம்பெனியின் பங்குவிலை 1720இல் சரிந்து பலர் பொருளிழந்தபோது, அத்திட்டத்தை ஆதரித்த ஐஸ்லபி ஊழல் குற்றத்துக்காக 1721இல் நாடாளுமன்றத்திலிருந்து நீக்கப்பட்டு, இலண்டன் கோட்டையில் சிறிது காலம் சிறை வைக்கப்பட்டார். அரசியல் வாழ்வு முடிந்துபோன அவர், 1742இல் இறக்கும் வரை தோட்டத்திலேயே கவனம் செலுத்தினார்.

வளைந்தோடிய ஆறு நேரான கால்வாயாக மாற்றப்பட்டது. அதன் ஓரத்தில் வட்ட வடிவான நிலாக் குளமும், அதன் இருபுறத்தும் பிறை வடிவக் குளங்களும் வெட்டப்பட்டன. இங்கு பூச்செடிகள் முதன்மை பெறுவதில்லை. அசைவற்ற நீர், புல்வெளி, மரங்கள், அவற்றினிடையே தெரியும் சிலைகளும் சிறு கோவில்களும் ஆகியவையே இத்தோட்டத்தின் கூறுகள்.

இடிபாடுகளையும் தோட்டத்தின் காட்சியாக்க ஜான் விரும்பினார். ஆயினும் அந்நிலம் அவருக்குக் கிடைக்கவில்லை. அவருடைய மகன் வில்லியம் 1767ஆம் ஆண்டில் அதை வாங்கினார். ஒரு காலத்தில் வழிபாடு நடந்த தேவாலயம் இவ்வாறு ஒரு செல்வரின் தோட்டத்துக்குப் பின்னணிக் காட்சியாயிற்று. கற்களை மேலும் பெயர்த்தெடுப்பதிலிருந்து அதைக் காத்ததும் இதுவே எனலாம்.

பார்வையிடல்

தோட்டமும் மடமும் 1983ஆம் ஆண்டு முதல் தேசிய அறக்கட்டளையின் பொறுப்பில் உள்ளன. 1992இல் திறக்கப்பட்ட வரவேற்பு மையம் மடத்தின் பக்கம் இருப்பதால், பெரும்பாலோர் இடிபாடுகளையே முதலில் காண்கின்றனர். வில்லியம் எண்ணிய வரிசை இதற்கு நேர்மாறானது. கிழக்கே ஏரிப் பக்கத்து வாயிலில் நுழைந்து, குளங்களைக் கடந்து, குன்றின்மேல் உள்ள 'ஆன் பொலின் இருக்கை' என்னும் இடத்தை அடைந்தால், அதுவரை மறைந்திருந்த மடம் பள்ளத்தாக்கின் முடிவில் திடீரெனத் தோன்றும். அங்கிருந்த தலையற்ற சிலை ஒன்றினால், தலை துண்டிக்கப்பட்ட அரசியின் பெயர் இவ்விடத்துக்கு ஏற்பட்டது என்பர். நேரமிருப்போர் இவ்வழியைத் தேர்வது நன்று.

வெள்ளமும் வண்டலும்

தோட்டத்துக்கு உயிரூட்டும் ஆறே அதற்கு ஆபத்தாகவும் உள்ளது. வேகம் குறைந்த நீரில் வண்டல் படிவதால் குளங்களும் ஏரியும் தூர்ந்து போகின்றன. அவற்றைத் தூர்வாரும் செலவு பெரிது. 2007ஆம் ஆண்டு வெள்ளத்தில் தோட்டம் சேதமடைந்தது. தோட்டத்துக்குள் மட்டும் செய்யும் பணிகளால் இச்சிக்கல் தீராது என்பதால், 2020களில் ஆற்றின் மேற்பகுதியிலுள்ள விவசாயிகளுடன் இணைந்து மரம் நடுதல், சிறு குளங்கள் அமைத்தல், ஓடைகளில் மரக்கட்டைத் தடுப்புகள் இடுதல் போன்ற பணிகள் மேற்கொள்ளப்பட்டன.