ஊராட்சித் தீர்மானமும் ஏரித் தண்ணீரும்

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரங்களில் ஆண்டு முழுவதும் தண்ணீர் ஓடும் ஆறு கிடையாது. தென்பெண்ணையும் சங்கராபரணியும் மழை பெய்தால் பெருகும். மழை நின்றால் மணலாகக் கிடக்கும். ஆகவே இப்பகுதியில் சம்பா நெல்லும், மல்லாட்டையும், உளுந்தும், கரும்பும் பயிரிடும் சிறு விவசாயிக்கு ஏரியும் கிணறுமே துணை. கிணற்றின் ஊற்றும் பெரும்பாலும் ஏரியை நம்பித்தான் இருக்கிறது.

நல்ல விதை வாங்கி, தொழு உரம் இட்டு, பருவத்தில் நட்டு, பூச்சி மருந்தும் அடித்த பிறகு மதகில் தண்ணீர் வராவிட்டால் அத்தனை உழைப்பும் வீண். மதகில் தண்ணீர் வருவது மழையை மட்டும் பொறுத்தது அன்று. முந்தைய ஆண்டு ஊராட்சியில் வேலைப் பட்டியல் தயாரானபோது, அந்த ஏரியின் வரத்து வாய்க்கால் அதில் இடம் பெற்றதா என்பதையும் பொறுத்தது. சாலை, தெருவிளக்கு, குடிநீர்க் குழாய், கட்டடம் ஆகிய வேலைகளைக் கேட்க ஆள் இருக்கிறார்கள். வாய்க்காலைக் கேட்க வேண்டியவர் விவசாயி. அவர் அந்த நேரத்தில் வயலில் இருந்துவிடுகிறார்.

எந்த ஏரி யாருடைய பொறுப்பு?

மனு கொடுக்கும் முன் இதைத் தெரிந்துகொள்வது அவசியம். தமிழ்நாட்டில் 100 ஏக்கர், அதாவது 40 ஹெக்டேர், அல்லது அதற்கு மேல் ஆயக்கட்டு உள்ள ஏரிகள் நீர்வளத்துறையின் பொறுப்பில் உள்ளன. 2021-க்கு முன் இவை பொதுப்பணித்துறை ஏரிகள் எனப்பட்டன. அதற்குக் குறைந்த ஆயக்கட்டு உள்ள சிறு ஏரிகள் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பில் உள்ளன. ஊரிலுள்ள குளம், குட்டை, ஊருணி ஆகியவற்றைக் கிராம ஊராட்சி கவனிக்கிறது.

விழுப்புரம் மாவட்டத்தில் 13 ஊராட்சி ஒன்றியங்கள் உள்ளன. திண்டிவனத்தைச் சுற்றி ஒலக்கூர், மயிலம், மரக்காணம், வல்லம், வானூர் ஒன்றியங்களும், விழுப்புரத்தைச் சுற்றிக் கோலியனூர், காணை, விக்கிரவாண்டி, கண்டமங்கலம் ஒன்றியங்களும் அமைந்துள்ளன. ஒன்றிய ஏரியின் கரை உடைந்ததற்கு நீர்வளத்துறை அலுவலகத்தில் மனு கொடுத்தால், அது மேசை மேசையாகச் சுற்றித் திரும்புவதற்குள் மழைக்காலம் முடிந்துவிடும். ஏரியின் ஆயக்கட்டும் சர்வே எண்ணும் கிராம நிர்வாக அலுவலரின் கணக்கில் இருக்கும். அதைக் கேட்டுக் குறித்துக்கொண்டு, உரிய அலுவலகத்தை நாடுவதே முறை.

பட்டியல் தயாராகும் காலம்

தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994-இல் வந்தது. அச்சட்டப்படி ஊராட்சியின் வாக்காளர் அனைவரும் கிராம சபையின் உறுப்பினர்கள். ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் கிராம சபை கூடும். 2022 முதல் உலகத் தண்ணீர் தினமான மார்ச் 22-ம், உள்ளாட்சிகள் தினமான நவம்பர் 1-ம் சேர்க்கப்பட்டன.

அடுத்த நிதி ஆண்டுக்கான கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டம் அக்டோபர் 2-ஐ ஒட்டியே உருவாகத் தொடங்குகிறது. கிராம சபை ஏற்றுக்கொண்ட வேலைகளுக்கு ஒன்றியப் பொறியாளரும் ஓவர்சியரும் மதிப்பீடு போடுவார்கள். பிறகு நிர்வாக ஒப்புதலும் தொழில்நுட்ப ஒப்புதலும் கிடைக்க வேண்டும். ஏரி வற்றியிருக்கும் பிப்ரவரி முதல் ஆகஸ்டு வரைதான் மண் வேலை செய்ய முடியும். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் வந்துவிடும்.

இந்தக் கணக்கை விவசாயிகள் மனத்தில் வைக்க வேண்டும். நவம்பர் மாதம் கரை உடைந்த பிறகு கொடுக்கும் மனு, அவசர அடைப்புக்கு மணல் மூட்டையைக் கொண்டுவரும். நிரந்தர வேலையைக் கொண்டுவர இன்னொரு சுற்று காத்திருக்க வேண்டும். ஆகஸ்டு 15 கூட்டத்திலேயே எழுதிக் கொடுத்து, அக்டோபர் 2 கூட்டத்தில் தீர்மானமாக ஏற்றுவித்தால், அடுத்த கோடையில் மண்வெட்டி விழ வழி உண்டு.

கூட்டம் செல்லுபடியாக ஆட்கள் வர வேண்டும். மக்கள்தொகை 500 வரை உள்ள ஊராட்சியில் 50 பேரும், 3,000 வரை 100 பேரும், 10,000 வரை 200 பேரும், அதற்கு மேல் 300 பேரும் கலந்துகொள்வது விதி. ஓர் ஏரியின் ஆயக்கட்டுதாரர்கள் குடும்பத்துக்கு இருவராக வந்து அமர்ந்தாலே கூட்டத்தில் அவர்கள் குரல் எடுபடும். கடைமடை விவசாயிகள் கட்டாயம் வர வேண்டும். வாய்க்கால் தூர்ந்தால் முதலில் காய்வது அவர்கள் பயிரே.

மனு எப்படி இருக்க வேண்டும்?

“எங்கள் ஏரியைச் சீர்செய்து தர வேண்டும்” என்று ஒரு வரி எழுதினால், அதை வைத்து யாரும் மதிப்பீடு போட முடியாது. மனுவில் கீழ்க்கண்டவை இருத்தல் நலம்.

1. ஏரி அல்லது வாய்க்காலின் பெயர், சர்வே எண்.
2. ஆயக்கட்டு எத்தனை ஏக்கர், பயன்பெறும் குடும்பங்கள் எத்தனை.
3. வேலை செய்ய வேண்டிய நீளம், அகலம், தூர்ந்துள்ள ஆழம்.
4. கடைசியாக எந்த ஆண்டு வேலை நடந்தது.
5. வேலை நடக்காததால் எந்த ஆண்டில் எத்தனை ஏக்கர் பயிர் காய்ந்தது அல்லது மூழ்கியது.

அளவெடுப்பது கடினம் அன்று. ஒரு கயிறும் கோலும் போதும். உதாரணமாக, 800 மீட்டர் நீளமும் 2 மீட்டர் அகலமும் உள்ள வாய்க்காலில் அரை மீட்டர் ஆழத்துக்கு மண் மூடியிருந்தால், எடுக்க வேண்டிய மண் 800 கன மீட்டர். இந்த எண்ணை எழுதிக் கொடுத்தால் ஓவர்சியர் வந்து சரிபார்ப்பது எளிதாகும். மனுவின் நகலில் தேதியுடன் கையொப்பம் பெற்றுக்கொள்ள வேண்டும். கோரிக்கை தீர்மானப் புத்தகத்தில் எழுதப்பட்டதைக் கூட்டம் கலையும் முன்பே படித்துக் காட்டச் சொல்ல வேண்டும்.

எதை முதலில் கேட்பது?

ஏரி வேலை என்றதும் பலரும் ஆழப்படுத்துவதையே கேட்கின்றனர். பணம் குறைவாக உள்ளபோது வரிசை தெரிந்து கேட்க வேண்டும்.

வரத்து வாய்க்கால் முதலாவது. சீமைக்கருவேல் அடைத்த வாய்க்காலில் தண்ணீர் வராது; ஏரியை எவ்வளவு ஆழப்படுத்தினாலும் அது வெறும் பள்ளமாகவே இருக்கும். அடுத்தது கரையும் கலங்கலும். 2024 நவம்பர் 30-இல் பெஞ்சல் புயல் கரை கடந்தபோது, மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அத்தகைய நாளில் கலங்கல் அடைபட்டிருந்தால், உபரி நீர் கரை மேல் வழிந்து கரையையே அறுத்துவிடும். மூன்றாவது மதகு. கதவு பழுதான மதகில் இரவும் பகலும் தண்ணீர் ஒழுகித் தை மாதத்தில் ஏரி வெறுமையாகிவிடும்.

ஆழப்படுத்துவது இவற்றுக்குப் பிறகுதான். அதிலும் ஒரு நுட்பம் உண்டு. மதகின் அடிமட்டத்துக்குக் கீழே தோண்டிய பள்ளத்தில் நிற்கும் நீர் வாய்க்காலில் தானாகப் பாயாது. அது கால்நடைக்கும் கிணற்று ஊற்றுக்கும் உதவும். நேரடிப் பாசனத்துக்கு உதவாது. எனவே மதகு மட்டத்துக்கு மேல் படிந்துள்ள வண்டலை, நீர்ப்பிடிப்பு முழுவதும் பரவலாக எடுப்பதே நல்லது. கரையின் ஓரத்திலும் மதகின் அருகிலும் தோண்டக் கூடாது. அது கரையைப் பலவீனப்படுத்தும்.

வண்டல் மண்: இரு வகை லாபம்

விவசாயிகள் ஏரி வண்டலை இலவசமாக எடுத்துக்கொள்ள அரசு அனுமதிக்கிறது. 2024 முதல் வட்டாட்சியரே இதற்கு அனுமதி வழங்குகிறார். மாவட்ட அறிவிப்பில் இடம் பெற்ற ஏரிகளில் மட்டுமே எடுக்கலாம். விண்ணப்பத்தை இணைய வழியில் அனுப்பலாம். நில ஆவணங்கள் தேவை. ஏக்கருக்கு நன்செய்யானால் 75 கன மீட்டரும், புன்செய்யானால் 90 கன மீட்டரும் வரம்பு. 100 கன அடி கொண்ட யூனிட் கணக்கில், புன்செய் ஏக்கருக்கு ஏறத்தாழ 32 யூனிட் ஆகும். அதைச் சமமாகப் பரப்பினால் இரண்டு சென்டிமீட்டருக்குச் சற்று அதிகமான கனம் வரும்.

திண்டிவனம் பகுதியின் மணற்பாங்கான செம்மண் புன்செய்களில் ஈரம் நிற்பதில்லை. வண்டல் சேர்த்தால் ஈரம் பிடிக்கும் தன்மை கூடி, மல்லாட்டைப் பயிர் இடைவறட்சியைச் சற்றுத் தாங்கும். ஆனால் எடுக்கும் முன் வண்டலை மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்துக் களர், உவர் இல்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். ஆலைக் கழிவு கலந்த ஏரியின் மண் வேண்டாம். கோடையில் பரப்பி, உலர்ந்த பின் கட்டிகளை உடைத்து உழுதுவிட வேண்டும்.

50 விவசாயிகள் ஆளுக்கு ஒரு புன்செய் ஏக்கருக்கு எடுத்தால் 4,500 கன மீட்டர் வண்டல் வெளியேறும். மதகு மட்டத்துக்கு மேல் எடுத்திருந்தால் அந்த இடத்தில் 45 லட்சம் லிட்டர் தண்ணீர் கூடுதலாக நிற்கும். கசிவையும் ஆவியையும் விட்டுப் பார்த்தால், 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு 22 ஏக்கருக்கு ஒரு முறை பாய்ச்சும் அளவு இது. தூர்வாரும் டெண்டருக்குக் காத்திருக்காமல், வாடகை வண்டிச் செலவில் ஊரே செய்துகொள்ளும் வேலை.

பணம் எங்கிருந்து வருகிறது?

ஒவ்வொரு நிதிக்கும் ஒரு நிபந்தனை உண்டு. 2021 முதல் 2026 வரையிலான 15-ஆவது நிதிக்குழு மானியத்தில் 60 சதவிகிதம் குடிநீர், மழைநீர் சேகரிப்பு, துப்புரவு ஆகியவற்றுக்கு என ஒதுக்கப்பட்டிருந்தது. அதில் பாசன மதகைக் கேட்டால் கிடைக்காது. நீர் செறிவூட்டும் பணியைக் கேட்டால் இடம் இருந்தது. வேலையை நிதியின் விதிக்கு ஏற்ற பெயரில் கேட்பதில்தான் சூட்சுமம்.

நூறு நாள் வேலைத் திட்டம் 2006 பிப்ரவரியில் தொடங்கியபோது, தமிழகத்தில் முதலில் தேர்வான ஆறு மாவட்டங்களில் விழுப்புரமும் ஒன்று. ஏரி, குளம், வாய்க்கால் வேலைகள் அதில் ஏராளமாக நடந்தன. 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் அதற்குப் பதிலாக 125 நாள் வேலைக்கான புதிய சட்டத்தை நிறைவேற்றியது. திட்டத்தின் பெயரும் விதியும் மாறினாலும், நீர் சார்ந்த வேலைகளுக்கு இடம் உண்டு; வேலைகளின் பட்டியலும் ஊராட்சித் திட்டத்திலிருந்தே தொடங்க வேண்டும். நீர்வளத்துறை ஏரிகளுக்குத் தனி வழி உண்டு. 2017-இல் குடிமராமத்துத் திட்டம் மீண்டும் தொடங்கியபோது விவசாயிகள் 10 சதவிகிதப் பங்கு தரும் முறை வைக்கப்பட்டது. பாசனச் சங்கம் உயிரோடு இருந்த ஊர்களே இத்தகைய வாய்ப்பை உடனே பற்றிக்கொள்ள முடியும்.

வேலை நடக்கும்போது

தளவானூர் அருகே தென்பெண்ணையில் 25 கோடி ரூபாய்க்கு மேல் செலவிட்டுக் கட்டிய தடுப்பணை 2020-இல் திறக்கப்பட்டது; 2021 ஜனவரியிலேயே உடைந்தது. அது நீர்வளத்துறையின் பெரிய வேலை. சில லட்ச ரூபாய் வாய்க்கால் வேலைக்கும் கண்காணிப்பு அதே அளவு அவசியம். மதிப்பீட்டுத் தொகை, நீளம், ஆழம் ஆகியவற்றை வேலை தொடங்கும் முன்பே கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். ஓவர்சியர் அளவுப் புத்தகத்தில் எழுத வரும் நாளில் ஆயக்கட்டுதாரர் இருவர் உடன் நிற்கலாம். கணக்கைக் கிராம சபையில் கேட்கலாம். பதில் வராவிட்டால் 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி மனு செய்தால், 30 நாட்களில் விவரம் தர வேண்டும். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் நாளிலும் முறையிடலாம். அங்கும் கையில் தீர்மான நகல் இருப்பவரின் பேச்சுக்கே எடை அதிகம்.

மழையை வரவழைப்பது நம் கையில் இல்லை. பெய்த மழையை ஏரிக்கும், ஏரியிலிருந்து கடைமடைக்கும் கொண்டுசெல்வது ஊரின் கையில் இருக்கிறது. எனவே விவசாயப் பெருமக்கள் அடுத்த கிராம சபைக்கு முன் ஒரு காலை வேளையை ஒதுக்கி, வரத்து வாய்க்காலின் தலைப்பிலிருந்து ஏரி வரை நடந்து அளந்து, மனுவை எழுதிவிட வேண்டும்.