குறுக்கெழுத்துப் புதிரும் தமிழ்ச் சொல்லணியும்

சொல்லை மறைத்து வைத்துத் தேடச் செய்தல் தமிழுக்குப் புதிதன்று. ஆயினும், நேர்ப்பொருள் கூறாது சுற்றிவளைத்துக் குறிப்புத் தரும் குறுக்கெழுத்துப் புதிர் ஆங்கிலேயர்க்கே உரிய பொழுதுபோக்கு என்றும், தமிழுக்கு அது பொருந்தாது என்றும் கற்றோரே கூறக் கேட்கிறோம். இக்கூற்றை ஈண்டுச் சற்றே ஆராய்வோம்.

கட்டங்களை நிரப்பும் இவ்விளையாட்டை 1913 டிசம்பர் 21ஆம் நாள் 'நியூயார்க் வேர்ல்டு' இதழில் ஆர்தர் வின் என்பவர் தொடங்கி வைத்தார். அதில் கேட்கப்பட்டது வெறும் பொருளே. 'வேழம்' என்றால் 'யானை' என எழுதுவது போல. பின்னர் இங்கிலாந்தில்தான் குறிப்பு மறைபொருள் உடையதாயிற்று. அங்கு நிலைபெற்ற நெறி இது: ஒவ்வொரு குறிப்பிலும் இரு பகுதிகள் இருத்தல் வேண்டும். ஒன்று விடையின் நேர்ப்பொருள். அது குறிப்பின் தொடக்கத்திலோ இறுதியிலோ நிற்கும். மற்றொன்று, எழுத்துகளைக் கூட்டியும் குறைத்தும் மாற்றியும் அவ்விடையை அடையும் வழி. இரண்டும் சேர்ந்து ஒரே தொடர்போல நடித்து, படிப்பவரை வேறு திசைக்கு இழுக்கும். விடையின் எழுத்தெண்ணிக்கை அடைப்புக்குறிக்குள் தரப்படும்.

எடுத்துக்காட்டாக, நம் வட்டாரத்தை வைத்தே ஒன்று கூறுவோம்.

"சோழர் தலைநகரின் தலை போய் எழுத்தின் தலை வரச் சர்க்கரை ஆலை ஊர் (4)."

வகுப்பில் இதனைக் கொடுத்தபோது மாணவர் பலரும் கங்கைகொண்ட சோழபுரத்துக்கே ஓடினர். அரியலூர்ப் பகுதியில் இருப்போர்க்குச் சோழர் தலைநகர் என்றதும் இராசேந்திரன் நினைவு வருதல் இயல்பே. ஆனால் நான்கெழுத்து என்னும் கட்டுப்பாடு அவ்வழியை அடைத்துவிடுகிறது. சோழரின் பழைய தலைநகர் உறையூர். உ, றை, யூ, ர் என நான்கெழுத்து. அதன் தலையாகிய உகரம் போகிறது. 'எழுத்து' என்னும் சொல்லின் தலையாகிய எகரம் அவ்விடத்தே வருகிறது. கிடைப்பது எறையூர்; பெரம்பலூர்ப் பகுதியில் சர்க்கரை ஆலையால் அறியப்பட்ட ஊர். குறிப்பில் ஒரு சொல்லும் வீணாக நிற்கவில்லை என்பது நோக்கத்தக்கது. 'தலைநகர்' என்பதில் உள்ள 'தலை' வேறு, பின்வரும் இரு 'தலை'களும் வேறு. இதனைப் பிரித்தறியாதவர் தற்செயலாக எறையூர் என்று எழுதிவிடினும் அவர் விடை கண்டவர் ஆகார்.

இனி நம் இலக்கணத்திற்கு வருவோம். தண்டியலங்காரத்தின் சொல்லணியியல் 'வினாவுத்தரம்' என ஒன்றைக் கூறும். பூமகள் யார்? திரு. செல்பவனை ஏவுவோன் சொல்லும் சொல் யாது? ஏகு. கணைக்குப் பெயர் என்ன? அம்பு. அழகுக்கு? அம். இந்நான்கையும் புணர்த்தால் சிவனுறையும் திருவேகம்பம் கிடைக்கும் என்பது அதன் எடுத்துக்காட்டுப் பாடலின் கருத்து. இன்றைய புதிர்க்காரர் துண்டுகளைக் கோத்துச் சொல்லாக்குவது இம்முறையே அன்றி வேறன்று. 'எழுத்து வருத்தனம்' என்பது எழுத்தை ஒவ்வொன்றாக முன்னே கூட்டிச் செல்வது. தலையைக் குறிக்கும் 'கம்', மலையைக் குறிக்கும் 'நகம்', பொன்னாகிய 'கநகம்', தாமரையாகிய 'கோகநகம்' என்று அது வளரும். (இன்று னகரம் இட்டு எழுதுவோர்க்கு இவ்வேணியில் ஒரு படி வழுக்கும்; பழைய எழுத்துமுறை அறிந்தே ஏறவேண்டும்.) இதனைத் தலைகீழாக்கி எழுத்தைக் குறைத்துச் செல்வது அக்கரச்சுதகம். இவற்றின் இலக்கணத்தை மனப்பாடம் செய்து மதிப்பெண் பெறும் மாணவர், கேட்டறியாத ஒரு தொடரைக் கொடுத்தால் எங்கே பிளப்பது என அறியாது நிற்கின்றனர். தேர்வு கேட்பது வரையறையை. பிளக்கும் பயிற்சியை அன்று.

பிளப்பதில் எத்துணை வலிமை உண்டு என்பதற்குக் கோட்டாற்றுச் செய்குத்தம்பிப் பாவலரை (1874-1950) விடச் சிறந்த சான்று இல்லை. 1907இல் சென்னையில் நூறு செயல்களில் ஒருங்கே கருத்தூன்றிச் சதாவதானி எனப் புகழ்பெற்றவர் அவர். அவர் இசுலாமியர் ஆதலின் திகைக்க வைக்க எண்ணி, துருக்கன் ஒருவனுக்கு இராமன் துணை என்று பொருள்படும் ஈற்றடியைக் கொடுத்துப் பாடச் சொன்னார் ஒருவர் என்பது வழிவழியாக வழங்கும் செய்தி. பாவலர் சினக்கவில்லை, கொடுத்த அடியில் ஓரெழுத்தையும் மாற்றவில்லை. இராமனின் தம்பியர் பெயர்களை முன்னடியில் அடுக்கி, அதன் இறுதியில் 'சத்' என நிறுத்தினார். அடுத்த அடியின் 'துருக்கன்' அதனோடு சேர்ந்து சத்துருக்கன் ஆயினான். தம்பிக்குத் தமையன் துணை என்பதில் எவர்க்கு என்ன தடை? சொல் இவ்வாறு பிளவுபட்டு நிற்பதை யாப்பு நூலார் வகையுளி என்பர். பொதுவாகக் குற்றமாகக் கருதப்படும் அதுவே இங்குப் பாவலரின் மானத்தைக் காத்தது.

ஆங்கில முறை அனைத்தும் தமிழுக்கு அப்படியே ஒத்துவரும் எனக் கொள்ளவேண்டா. எழுத்துகளைக் கலைத்து வேறு சொல் ஆக்குதல் அவர்கட்கு எளிது; அவர்களிடம் இருப்பவை 26 எழுத்துகளே. நம்மிடம் 247. ஒரு சொல்லின் எழுத்துகள் மற்றொன்றில் அப்படியே அமைவது அரிது. "உடைந்த கதவுக்கும் ஒரு தகுதி (3)" என்று கேட்டுத் 'தகவு' பெறுவது போன்ற வாய்ப்புகள் சிலவே. மாறாக, அவர்கட்கு இல்லாத புணர்ச்சி நமக்கு உண்டு. இரு சொற்கள் கூடுமிடத்தில் எழுத்துத் தோன்றும், திரியும், கெடும். மறைப்பதற்கு இதனினும் நல்ல இடம் ஏது? அமெரிக்காவில் தொடங்கப்பெற்ற 'தென்றல்' இதழில் வாஞ்சிநாதன் தமிழிலேயே இவ்வகைப் புதிர்களைப் பல ஆண்டுகள் இயற்றியுள்ளார். தமிழுக்கு இது பொருந்தும் என்பதற்கு அவையே போதிய விடை.

பயில விரும்புவோர்க்கு ஒன்று தருகிறோம்: "இளம்பசு ஊருக்கு முன்னே நிற்கக் கந்தூரி நடக்கும் இடம் (3)." விடையை மட்டும் எழுதுதல் போதாது, இடையில் இருந்த உகரம் எங்கே போயிற்று என்பதையும் எழுதுதல் வேண்டும்.