அம்மாவுக்கு ஒன்றேகால் யூனிட்!

'கேரவன்' என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? ஷூட்டிங் ஸ்பாட், குடை பிடிக்கிற அஸிஸ்டென்ட், ஏ.ஸி.யில் ஜூஸ் குடித்துக்கொண்டிருக்கும் ஹீரோ... அவ்வளவுதானே? ஆபீஸில் போய், "வீட்ல ஒரு கேரவன் ரெடி பண்ணிக்கிட்டிருக்கேன்" என்று நான் சொன்னதும், பக்கத்து ஸீட்காரர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஹீரோயின் யாரு ஸார்?" என்றார்.

"எங்கம்மா" என்றேன்.

கிண்டல் இல்லை, நிஜம். அம்மாவுக்கு எழுபத்திரண்டு வயசு. தூங்கும்போது மூச்சுக்குழாய் அடைத்துக்கொள்கிற கோளாறு. மூன்று வருஷமாக ராத்திரி படுக்கும்போது 'சி-பாப்' என்ற மெஷின் வேண்டும். முகத்தில் மாட்டிய மாஸ்க் வழியாக அது மெல்லக் காற்றை ஊதிக்கொண்டே இருக்கும். கரன்ட் போனால் மெஷின் நிற்கும். மெஷின் நின்றால் அம்மாவின் தூக்கமும் போச்சு, எங்கள் தூக்கமும் போச்சு!

அதனால் மூன்று வருஷமாக அம்மா எங்கேயும் ராத்தங்கவில்லை. மற்ற ஊர்களைப் பற்றி அவளுக்குக் கவலையும் இல்லை. மாசி சிவராத்திரி வந்தால் மட்டும் முகம் வாடிவிடும். எங்கள் குலதெய்வம் அருப்புக்கோட்டைப் பக்கம், கரிசல் காட்டு நடுவில் இருக்கிறது. ஒரு கூரை, ஒரு வேப்ப மரம், அவ்வளவுதான் கோயில். விழா லைட்டுக்கே மைக் செட்காரர் ஜெனரேட்டர் கொண்டு வரவேண்டும். அவரும் தூங்கப் போனால் கும்மிருட்டு.

'டவுனில் ரூம் போட வேண்டியதுதானே?' என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன்.

"பங்காளிக எல்லாம் காட்டுல கெடக்க, நான் மட்டும் லாட்ஜ்லயா? நல்லாருக்குய்யா" என்றாள் அம்மா. அத்தோடு பேச்சு முடிந்தது. பேச்சு முடிந்த இடத்தில்தான் வேன் ஆரம்பித்தது.

சோபா கனவு

செகண்ட் ஹேண்டில் ஐந்து ஸீட் வேன் ஒன்று வாங்கினேன். நான், மனைவி, இரண்டு வாண்டுகள், அம்மா. கணக்கு சரி. ஆனால் வேன் வந்த அன்றே மச்சினனும் வந்துவிட்டான். டிப்ளமா படித்தவன். யூட்யூபில் வெளிநாட்டு வேன் வீடியோக்களைப் பார்த்துப் பார்த்தே கண் சிவந்தவன்.

"அத்தான், பின் ஸீட்டைக் கழட்டி வீசிடுவோம். எல் ஷேப்ல ஒரு சோபா. நடுவுல டேபிள். போய்க்கிட்டே இட்லி சாப்பிடலாம். நானும் உட்கார்ந்துக்குவேன்!"

கேட்கவே சொகுசாக இருந்தது. நல்லவேளை, ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து விஷயத்தை விசாரித்தேன். 1988-ம் வருஷ மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, கம்பெனி கொடுத்த அமைப்பிலிருந்து மாறுபடும்படி வண்டியை நம் இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் அதை அடித்துச் சொல்லிவிட்டது. ஸீட்டைக் கழற்றுகிற யோசனை இருந்தால் முதலில் போகவேண்டிய இடம் ஆர்.டி.ஓ. ஆபீஸ், தச்சுப் பட்டறை இல்லை.

சட்டத்தை விடுங்கள். 50 கிலோமீட்டர் வேகத்தில் போகிற வண்டி சுவரில் மோதினால், உள்ளே இருப்பவருக்கு அது ஏறக்குறைய மூன்றாவது மாடியிலிருந்து விழுவதற்குச் சமம். கம்பெனி ஸீட்டும் பெல்ட்டும் வண்டியின் இரும்பு உடம்போடு பிணைக்கப்பட்டவை. பலகையில் ஸ்க்ரூ அடித்த சோபா, பலகையோடு சேர்ந்து பறக்கும். பக்கவாட்டில் உட்கார்ந்திருப்பவர் இடுப்பில் பெல்ட் கட்டியிருந்தாலும் உடம்பு முறுக்கிக்கொள்ளும். அந்த சோபாவில் என் பிள்ளைகளையும் அம்மாவையும் உட்காரவைத்து மனசுக்குள் ஒரு தடவை பிரேக் போட்டுப் பார்த்தேன். போதும் சாமி!

1951-லேயே ஜெர்மனியில் வெஸ்ட்பாலியா கம்பெனிக்காரர்கள் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். ஃபோக்ஸ்வேகன் வேனுக்குள் தூக்கி வைத்து, வேண்டாதபோது வெளியே எடுத்துவிடக்கூடிய 'கேம்பிங் பாக்ஸ்'. பகலில் பெட்டி, ராத்திரியில் படுக்கை. வாரநாளில் வேலைக்கு, லீவு நாளில் ஊர் சுற்ற, ஒரே வண்டி. நம்மைப் போன்ற சம்பளக்காரனுக்காகவே யோசித்தது போல இருக்கிறது, இல்லையா?

அதையேதான் நானும் செய்தேன். ஸீட்டைத் தொடவில்லை. பின் ஸீட்டுக்குப் பின்னாலிருந்த காலி இடத்தில், முக்கால் இஞ்ச் ப்ளைவுட்டில் முழங்கால் உயரத்துக்கு ஒரு பெட்டி. வண்டி நின்றபிறகு ஸீட்டை மடக்கி, பெட்டி மூடியைப் பிரித்துப் போட்டால் ஆறடி நீளத்துக்குப் படுக்கை. மேலே நாலு இஞ்ச் ஃபோம். முழங்கால் வலிக்காரர்களுக்குத் தாழ்வான படுக்கை ஆகாது. நாற்காலி உயரம் இருந்தால் உட்கார்ந்து அப்படியே சாய்ந்துவிடலாம். ஏறுவதற்கு ஒரு முக்காலி. பெட்டி நகராதபடி நாலு லக்கேஜ் பெல்ட்டால் வண்டியின் இரும்போடு இறுக்கினோம். வெளியே உட்கார நாலு மடக்கு நாற்காலி.

"அப்ப என் ஸீட்டு?" என்றான் மச்சினன்.

"எஸ்.இ.டி.சி. பஸ்ல விண்டோ ஸீட் புக் பண்ணித் தர்றேன் மாப்ளே."

யூனிட் கணக்கு

அடுத்தது கரன்ட். பில் வரும்போது மட்டும் யூனிட்டைப் பற்றி யோசிக்கிற ஜாதி நாம். ஆயிரம் வாட் சாமான் ஒன்று ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். இதைத் தெரிந்துகொண்டால் வேனுக்கான பாதிப் படிப்பு முடிந்தது.

பேட்டரிக்கு மச்சினன் முதலில் கை காட்டியது, வீட்டு இன்வெர்ட்டரின் பெரிய ட்யூபுலர் பேட்டரியை. அது ஐம்பது கிலோவுக்கு மேல் கனக்கும். உள்ளே ஆஸிட். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு வேறு வரும். அதன் பக்கத்தில் படுத்துத் தூங்குவதாவது! நான் வாங்கியது லித்தியம் இரும்பு பாஸ்பேட் ரகம். 12.8 வோல்ட், 100 ஆம்பியர்-ஹவர். எடை பன்னிரண்டு கிலோ சொச்சம். இரண்டையும் பெருக்கினால் 1,280 வாட்-ஹவர். அதாவது ஒன்றேகால் யூனிட்.

வீட்டில் ஒன்றரை டன் ஏ.ஸி. ஒரு மணி நேரத்தில் விழுங்கிவிடுகிற சமாசாரம் அது! அதை வைத்து ஒரு குடும்பம் ராத்திரியை ஓட்டமுடியுமா? பேப்பரை எடுத்துக் கணக்குப் போட்டேன். அம்மாவின் மெஷின் சுமார் 40 வாட், எட்டு மணி நேரத்துக்கு 320. பேட்டரியில் நேராக ஓடுகிற சின்ன ஃபேன் 15 வாட், அதற்கு 120. எல்.இ.டி. லைட்டுக்கு 25. நாலு செல்போனுக்கு 60. கூட்டினால் 525. அரை யூனிட் சொச்சம். இரண்டு ராத்திரி தாங்கும்!

இதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. பேட்டரி கரன்ட்டை இன்வெர்ட்டரில் 230 வோல்ட்டாக மாற்றி, மெஷினின் அடாப்டர் அதைத் திரும்பக் குறைத்தால், போகிற வழியிலேயே கொஞ்சம் வீணாகும். அதனால் மெஷின் கம்பெனியே விற்கிற டி.ஸி. அடாப்டரை வாங்கி நேராக இணைத்தேன். மெஷினில் தண்ணீர் சுடவைக்கிற ஹீட்டர்தான் அதிகம் தின்னும். டாக்டரிடம் கேட்டேன். இரண்டு ராத்திரிக்கு அதை நிறுத்தி வைக்கலாம் என்றார். உங்கள் வீட்டிலும் கேட்டுவிட்டுத்தான் நிறுத்தவேண்டும்.

"மிக்ஸி ஓடுமா?" என்றாள் மனைவி. விளக்கம் சொல்ல வாயைத் திறந்தேன். "வேணாம், இட்லிப் பொடி எடுத்துக்கறேன்" என்று அவளே முடித்துவிட்டாள். மின்சார சிக்கனம் என்றால் இதுதான்!

காபி வரவில்லை

எல்லாம் ரெடியான சனிக்கிழமை, அபார்ட்மென்ட் கார் பார்க்கிங்கில் ஒத்திகை. நான் மேலே போயிருந்த நேரத்தில், மச்சினன் வீட்டு ஒயரிங்கில் மிஞ்சிய ஒயரால் பேட்டரியையும் இன்வெர்ட்டரையும் இணைத்து, காபிக்காக எலெக்ட்ரிக் கெட்டிலைப் போட்டுவிட்டான். காபி வரவில்லை. புகைதான் வந்தது! ஓடிவந்து இன்வெர்ட்டரை நிறுத்துவதற்குள் ஒயரின் பிளாஸ்டிக் உருகி, ப்ளைவுட்டில் கறுப்பாகக் கோடு விழுந்துவிட்டது.

காரணம் எளிது. 1,500 வாட் கெட்டில் வீட்டில் 230 வோல்ட்டில் ஆறரை ஆம்பியர்தான் இழுக்கும். அதே கெட்டிலுக்கு 12 வோல்ட் பேட்டரியிலிருந்து நூற்றிருபது ஆம்பியர் போகவேண்டும். ஓடையில் காவிரியைத் திருப்பிவிட்ட கதை. வோல்ட் குறைவு, ஷாக் அடிக்காது என்று 12 வோல்ட்டை அலட்சியமாக நினைக்கிறோம். ஷாக் அடிக்காது, ஆனால் எரிக்கும்.

அன்றைக்கே எழுதி ஒட்டினேன். பேட்டரியின் ப்ளஸ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃப்யூஸ். இழுக்கிற ஆம்பியருக்கு ஏற்ற தடிமனில் செப்பு ஒயர். சூடு பண்ணுகிற சாமான் எதுவும் வேனில் கிடையாது. அன்று நான் கீழே வர ஐந்து நிமிஷம் தாமதமாகியிருந்தால்... வேண்டாம், எழுதவே கை நடுங்குகிறது.

பால்கனியிலிருந்து அம்மா எட்டிப் பார்த்து, "என்னய்யா, யாகம் முடிஞ்சுதா?" என்றாள்.

இந்த ஒயர் வேலையெல்லாம் வேண்டாம் என்பவர்களுக்கு 'பவர் ஸ்டேஷன்' என்று ரெடிமேட் பெட்டி இருக்கிறது. பேட்டரி, இன்வெர்ட்டர், சார்ஜர் எல்லாம் அதற்குள்ளேயே அடக்கம். விலைதான் கூட.

வாசனை இல்லாத எமன்

"இவ்வளவு தலைவலி எதுக்கு அத்தான்? குட்டி ஜெனரேட்டர் ஒண்ணு வாடகைக்கு எடுத்தா போச்சு" என்று மச்சினன் கடைசி அஸ்திரத்தை விட்டான்.

அவனிடம் ஒரு செய்தியைக் காட்டினேன். 2024 டிசம்பரில், கேரளாவில் வடகரைப் பக்கம் ரோட்டோரமாக நின்றிருந்த ஒரு கேரவனுக்குள் இரண்டு பேர் பிணமாகக் கிடந்தார்கள். உள்ளே புகுந்த ஜெனரேட்டர் புகையின் கார்பன் மோனாக்ஸைடுதான் காரணம் என்று கண்டுபிடித்தார்கள். அதற்கு நிறம் கிடையாது, வாசனை கிடையாது. தூங்குகிறவன் தூங்கிக்கொண்டே போய்விடுவான். எஞ்ஜினை ஓடவிட்டு ஏ.ஸி.யில் தூங்குவதும், வேனுக்குள் அடுப்பு மூட்டிக் கதவைச் சாத்துவதும் இதே ஆபத்துதான். மூச்சு விடச் சிரமப்படுகிற அம்மாவுக்காக வேன் கட்டிவிட்டு, அதற்குள் புகையை விடுவதா?

படித்துவிட்டு மச்சினன் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு அவனே போய் வேன் ஜன்னல்களுக்குக் கொசுவலை அளவெடுத்தான்.

பேட்டரிக்கு சார்ஜ், ஓட்டத்திலேயே ஏறிவிடும். லித்தியம் பேட்டரியை வண்டியின் ஆல்டர்னேட்டரோடு நேராகக் கோத்தால், அளவுக்கு மேல் இழுத்து ஆல்டர்னேட்டரைச் சுட்டுவிடும். நடுவில் டி.ஸி.-டி.ஸி. சார்ஜர் வேண்டும். இருபது ஆம்பியர் சார்ஜர் மணிக்குக் கால் யூனிட் ஏற்றும். ஐந்து மணி நேரத்தில் ஃபுல். சென்னையில் கிளம்பினால் மதுரை வருவதற்குள் பேட்டரியின் வயிறு நிறைந்துவிடும். பகலில் வெயில் காட்ட மடக்கு ஸோலார் பேனல் ஒன்று, 100 வாட். நல்ல வெயிலில் ஒரு நாளைக்கு அரை யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவாகத் தரும்.

சிவராத்திரிக்கு முதல் நாள் சாயங்காலம் போய்ச் சேர்ந்தோம். ராத்திரி பஸ்ஸில் முன்னாடியே வந்திறங்கிய மச்சினன், வேப்ப மரத்தடியில் எங்களுக்கு இடம் பிடித்து வைத்திருந்தான். பங்காளி வீட்டுப் பிள்ளைகளெல்லாம் வேனைச் சுற்றிக் கும்மாளம். அம்மா மடக்கு நாற்காலியில் ராணி மாதிரி உட்கார்ந்து, மூன்று வருஷக் கதையையும் பேசி முடித்தாள். பத்து மணிக்கு மைக் செட் ஜெனரேட்டர் நின்றது. காடு முழுக்க இருட்டு. எங்கள் வேனில் மட்டும் 'ஸ்ஸ்' என்று அம்மாவின் மெஷின் சத்தம். கோயில் திண்ணையில் படுத்துக்கொண்டு விடிய விடிய அதையே கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு தடவைகூட நிற்கவில்லை.

காலையில் மீட்டரைப் பார்த்தேன். பேட்டரியில் பாதிக்கு மேல் மிச்சம்.

"கரன்ட்டு எவ்வளவுய்யா ஆச்சு?" என்றாள் அம்மா, மாஸ்க்கைக் கழற்றிக்கொண்டே.

"அரை யூனிட்டும்மா."

அம்மா கொஞ்ச நேரம் கோயிலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்புட்டுத்தானா? இந்த அரை யூனிட்டுக்காகவா மூணு வருசம் வீட்டுக்குள்ளயே கெடந்தேன்?"