நடந்த களைப்புக்கு ஒரு ரோல்ஸா?

“இன்றைக்கு முக்கால் மணித்தியாலம் நடந்தாயிற்று. ஒரு ரோல்ஸ் சாப்பிட்டால் என்ன?” மூன்று மாதமாக ஒவ்வொரு மாலையும் எனக்கு நானே சொல்லிக்கொண்ட நியாயம் இது.

எனக்கு வயது 48. நிறை 72 கிலோ. இரத்தத்தில் சீனி எல்லையில் நிற்கிறது, நிறையைக் குறைத்தால் இப்போதைக்கு மருந்து தேவைப்படாது என்று கிளினிக்கில் சொன்னார்கள். என் அம்மா சலரோகத்தால் இரண்டு கால்விரல்களை இழந்தவர். அந்தக் காலுக்கு மருந்து கட்டியவள் நான். பயம் பிடித்துக்கொண்டது. மறுநாளே மச்சாளையும் கூட்டிக்கொண்டு கல்லடிப் பாலத்துப் பக்கம் மாலை நடை தொடங்கினேன்.

மூன்று மாதம் முடிய நிறுத்துப் பார்த்தால் 73 கிலோ! எனக்கு அழுகையே வந்துவிட்டது.

“நடந்துவிட்டு வந்து என்ன சாப்பிடுவீங்கம்மா?” என்று வைத்தியர் கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். வரும் வழியில் ஒரு மீன் ரோல்ஸ். வீட்டில் இரண்டு கரண்டி சீனி போட்ட பால் தேநீர். சில நாட்களில் இரவுச் சாப்பாட்டின் பின் பாணி விட்ட எருமைத் தயிரும் உண்டு. “கைத்தொலைபேசியில் 290 கலோரி எரிந்ததாகக் காட்டுதே டொக்டர்” என்றேன்.

அவர் ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டுக் காட்டினார். என் நிறையுள்ள ஒருவர் சாதாரண வேகத்தில் 45 நிமிடம் நடந்தால் செலவாவது ஏறத்தாழ 190 கலோரிதான். அதிலும் 50 கலோரிக்கு மேல், நான் கதிரையில் சும்மா இருந்திருந்தாலும் மூச்சு விடவும் இதயம் துடிக்கவும் செலவாகியிருக்கும். ஆகவே நடந்ததால் கிடைத்த உண்மையான இலாபம் 130 முதல் 140 வரைதான். எண்ணெயில் பொரித்த ஒரு ரோல்ஸே 200 கலோரி அளவுக்கு வரும். பால் தேநீர் இன்னொரு 90. நான் நடந்து எரித்ததைப் போல இரண்டு மடங்கை பத்து நிமிடத்தில் விழுங்கியிருக்கிறேன்!

இன்னொரு பிழையையும் அவர் எடுத்துக் காட்டினார். ஒரு நாளைக்கு 1400 கலோரி என்று எனக்கு அவர் எழுதித் தந்த அளவில், நடையும் முன்கூட்டியே சேர்க்கப்பட்டிருந்தது. என் வயது, உயரம், நிறை, நடை எல்லாவற்றையும் பார்த்து நாளொன்றுக்கு 1750 கலோரி அளவில் செலவாகும் என்று கணித்து, அதிலிருந்து 350 ஐக் கழித்தே அதைத் தந்திருந்தார். நடந்ததற்காகத் திரும்பவும் சாப்பிட்டால், ஒரே நடையை இரண்டு தரம் கணக்கில் எடுத்ததாகிவிடும். கடைக் கொப்பியில் ஒரே வரவை இரண்டு முறை எழுதினால் கல்லா நிரம்பாது அல்லவா?

அப்படியானால் உடற்பயிற்சி செய்தவர் எதுவுமே கூடுதலாகச் சாப்பிடக் கூடாதா? இதற்குப் பதில் எனக்கு மச்சாள் மூலம் கிடைத்தது.

மச்சாள் சலரோகத்துக்கு கிளிக்கிளசைட் மாத்திரை எடுப்பவர். என் கதையைக் கேட்டதும் தானும் நிறை குறைக்க வேண்டுமென்று, எவரிடமும் கேளாமல் மத்தியானச் சோற்றைப் பாதியாக்கி, மாலைப் பலகாரத்தையும் நிறுத்திவிட்டார். ஒரு நாள் பாலத்தால் திரும்பும்போது அவருடைய கை நடுங்கியது. முகமெல்லாம் குளிர்ந்த வியர்வை. கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னார். வீதியோரத் தேநீர்க் கடைக்காரத் தம்பி ஓடிவந்து மூன்று கரண்டி சீனி கரைத்த தேநீரை ஆற்றிக் கொடுத்தார். கால் மணித்தியாலத்தில் தெளிந்தார். அந்தக் கால் மணித்தியாலம் எனக்கு ஒரு யுகம் போல இருந்தது. பின்னர் வைத்தியர் அவருடைய மாத்திரையின் அளவைக் குறைத்து, நடக்குமுன் சிறிது சாப்பிடும்படி சொன்னார்.

ஒருவருக்குச் சரியான கணக்கு மற்றவருக்கு ஆபத்தாகலாம் என்பதை அன்று கண்டேன். எங்கள் அனுபவத்தில் கற்றவற்றை உங்களுக்கும் சொல்கிறேன்:

1. உங்கள் உணவு அளவில் உடற்பயிற்சி சேர்க்கப்பட்டுள்ளதா என்று கேட்டறியுங்கள். சேர்த்திருந்தால் மீண்டும் கூட்ட வேண்டாம். சேர்க்காவிட்டாலும், இயந்திரம் காட்டும் கலோரியில் பாதிக்கு மேல் சாப்பிட வேண்டாம்.

2. நடந்து வந்ததும் முதலில் தண்ணீர் குடியுங்கள். பத்து நிமிடம் கழித்தும் பசித்தால் அவித்த கடலை, சிறுபயறு, ஒரு முட்டை போன்றவை போதும். பசியும் ஆறும்.

3. தோட்டம் கொத்துதல், நெல் வெட்டுதல் போன்ற கடும் வேலை செய்த நாளில் பசியை அடக்காதீர்கள். அந்த நாளுக்கு உடல் கூடுதலாகக் கேட்பது நியாயமே.

4. இன்சுலின், கிளிக்கிளசைட், கிளிபென்கிளமைட் எடுப்பவர்கள் வைத்தியரிடம் கேளாமல் உணவைக் குறைக்கலாகாது. நடக்கும்போது சீனி அல்லது குளுக்கோஸ் கைவசம் இருக்கட்டும். பாலூட்டும் தாய்மாரும் தாமாகப் பட்டினி கிடக்கக் கூடாது.

5. தலைச்சுற்று, ஓயாத களைப்பு, முடி உதிர்தல், மாதவிடாய் தவறுதல் ஆகியவை போதிய உணவு இல்லாமையின் அறிகுறிகளாக இருக்கலாம். உடனே வைத்தியரைக் காணுங்கள்.

ரோல்ஸை நான் ஒரேயடியாக விடவில்லை. ஞாயிறு மாலையில் ஒன்று, அதுவும் அன்றைய கணக்குக்குள். ஐந்து மாதத்தில் 68 கிலோவுக்கு வந்திருக்கிறேன். இரத்தச் சீனியும் இறங்கியிருக்கிறது. மாதத்துக்கு ஒரு கிலோ என்பது மெதுவான பயணம்தான். ஆனால் திரும்பி ஏறாத பயணம்.

சகோதரிகளே, மற்றவர்களின் தட்டைப் பார்த்துப் பார்த்தே பரிமாறிப் பழகிய நாம், நமது தட்டையும் ஒரு கணம் பார்ப்போம். நடை உணவுக்குக் கொடுக்கும் கூலி அல்ல. அது நமது இதயத்துக்கும் கால்களுக்கும் நாமே செய்யும் உபகாரம். அம்மாவின் கால்களை நினைக்கும்போதெல்லாம் அதையே எனக்குச் சொல்லிக்கொள்கிறேன்.